வீக்கான மின்காந்த ஃபீல்டு உயிருள்ள செல்லை என்ன பண்ணும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காந்தப் பாய், ஃப்ரீக்வென்சி மெஷின், எலும்பு சேர மாட்டுற காயில், செல்ஃபோன் பயம், பறவைக்குள்ள இருக்கிற திசைகாட்டின்னு இந்த சப்ஜெக்ட்ல யார்கிட்ட பேச ஆரம்பிச்சாலும் சுத்தி சுத்தி அதே சந்தேகங்கதான் வருது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்கு ஒரே இடத்துல போட்டுடலாம்னு தொகுத்திருக்கேன். கேள்விங்களை கேட்டவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். வரிசையா படிச்சா நல்லது, ஏன்னா பின்னாடி வர்ற பதில் பலதும் முன்னாடி உள்ள கணக்கை நம்பித்தான் நிக்குது.

1. வீக், வீக்னு சொல்றீங்களே, எதை வச்சு வீக்குன்னு சொல்றீங்க?

காந்தப் புலத்தை டெஸ்லாங்கிற அளவுல சொல்வாங்க. பூமியோட காந்தப் புலம் இடத்தைப் பொறுத்து 25ல இருந்து 65 மைக்ரோடெஸ்லா வரைக்கும் இருக்கும், மைக்ரோன்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு. ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுற சின்ன காந்தம் தொடுற தூரத்துல சில மில்லிடெஸ்லா வரும், அதுவே பூமியை விட நூறு மடங்கு கிட்ட. எம்ஆர்ஐ மெஷின் 1.5 இல்லன்னா 3 டெஸ்லா, பூமியை விட குறைஞ்சது 30,000 மடங்கு.

இங்க நான் வீக்னு சொல்றது சில மில்லிடெஸ்லாவும் அதுக்குக் கீழயும், முக்கியமா திசுவை சூடாக்காத அளவுல இருக்கிறது. மைக்ரோவேவ் அவன் மாதிரி சூடாக்கி பண்ற வேலையில யாருக்கும் சந்தேகம் இல்ல, சண்டையே சூடு இல்லாம ஏதாவது நடக்குமாங்கிறதுலதான்.

2. அண்ணா, எலக்ட்ரிக் ஃபீல்டு மேக்னடிக் ஃபீல்டு ரெண்டும் ஒண்ணுதானே, ஏன் பிரிச்சுப் பிரிச்சுப் பேசுறீங்க?

ரேடியோ, மைக்ரோவேவ் மாதிரி வேகமா ஆடுற அலையில ரெண்டும் ஜோடியாத்தான் போகும். ஆனா 50 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 50 தடவை) மாதிரி மெதுவான ஆட்டத்துல பிரிச்சுத்தான் பார்க்கணும், ஏன்னா உடம்பு ரெண்டையும் ஒரே மாதிரி நடத்துறதில்ல. உடம்புக்குள்ள இருக்கிறது உப்புத்தண்ணி, அது கரண்டைக் கடத்தும், அதனால வெளியில இருக்கிற எலக்ட்ரிக் ஃபீல்டு தோல்லயே கிட்டத்தட்ட நின்னுடும், உள்ள போறது லட்சத்துல ஒரு பங்குக்கும் கம்மி. காந்தப் புலம் அப்படி நிக்காது, இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் அப்படியே வெளிய வந்துடும்.

இன்னொரு விஷயம், மாறிக்கிட்டே இருக்கிற காந்தப் புலம் உள்ள போகும்போது அங்கயே ஒரு எலக்ட்ரிக் ஃபீல்டை உண்டாக்கும், ஸ்கூல்ல படிச்ச ஃபாரடே விதிதான். எவ்வளவு வேகமா மாறுதோ, எவ்வளவு பெரிய வட்டமோ, அதுக்குத் தகுந்த மாதிரி கூடும். அசையாம வச்ச காந்தத்துல இது கிடையாது. 5வது பதிலுக்கு இது தேவைப்படும், ஞாபகம் வச்சுக்கோங்க.

3. நம்ம உடம்புலயே கரண்ட் ஓடுதுன்னு சொல்றாங்களே, நிஜமாவா?

நிஜம்தான். ஒவ்வொரு செல்லையும் சுத்தி இருக்கிற மெல்லிய சவ்வுக்கும், அதாவது மெம்பரேனுக்கும், உள்பக்கம் வெளிப்பக்கம்னு வோல்டேஜ் வித்தியாசம் இருக்கு, சும்மா இருக்கிற நரம்பு செல்லுல அது 70 மில்லிவோல்ட் கிட்ட. கேட்க ரொம்பக் கம்மியாத் தெரியும், ஆனா அந்த மெம்பரேனோட தடிமன் வெறும் 5ல இருந்து 7 நானோமீட்டர்தான், வகுத்துப் பாருங்க, மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்! அவ்வளவு பெரிய ஃபீல்டை ஒவ்வொரு செல்லும் தன் தோல்லயே வச்சுக்கிட்டு வாழுது.

தோல்ல ஒரு வெட்டுக்காயம் பட்டா அந்த இடத்துல மின் கசிவு மாதிரி ஒண்ணு ஆரம்பிக்கும், காயத்தோட ஓரத்துல மில்லிமீட்டருக்கு 100 மில்லிவோல்ட் ரேஞ்சுல ஒரு ஃபீல்டு நிக்கும், பக்கத்துல இருக்கிற தோல் செல்லுங்க அந்த ஃபீல்டோட திசையைப் பார்த்து காயத்தை மூட நகரும். எமில் டுபோய் ரேமண்ட் 19ஆம் நூற்றாண்டுலயே காயத்துல கரண்ட் ஓடுறதை அளந்துட்டார். 2006ல மின் ஜாவோ குழு நேச்சர் இதழ்ல போட்டதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, லேப்ல காயம் உண்டாக்கி, மூட வந்துக்கிட்டிருக்கிற செல்லுங்களுக்கு எதிர்த் திசையில ஃபீல்டு கொடுத்தா அதுங்க காயத்தை விட்டுட்டுத் திரும்பிப் போகுது. ஃபீல்டு செல்லை நடத்தும்ங்கிறதுக்கு இதை விடத் தெளிவான சாட்சி வேணாம். ஆனா அந்த 100 மில்லிவோல்ட்டை மறக்காதீங்க, அது வீக் ஃபீல்டு இல்ல.

4. ஏன் தம்பி, ரத்தத்துலதான் இரும்பு இருக்கே, காந்தம் வச்சா ரத்த ஓட்டம் நல்லா இருக்கும்ல?

அப்படி நடக்காதுங்க. ஆணியில இருக்கிற இரும்புல கோடிக்கணக்கான அணு ஒரே திசையில சேர்ந்து நிக்குது, அதனாலதான் காந்தம் இழுக்குது. ஹீமோகுளோபின்ல இரும்பு அணு ஒவ்வொண்ணா தனித்தனியா புரதத்துக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. 1936லயே லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் அளந்து காட்டினாங்க, ஆக்சிஜன் ஏறின ஹீமோகுளோபினை காந்தம் இழுக்கிறதே இல்ல, ரொம்ப லேசாத் தள்ளத்தான் செய்யுது, ஆக்சிஜன் இல்லாதது மட்டும் ஒரு துளி இழுபடும். பூமியை விட 30,000 மடங்கு பெரிய எம்ஆர்ஐக்குள்ள மணிக்கணக்கா படுத்துட்டு வர்றவங்களுக்கே ரத்தம் ஒரு பக்கமா ஒதுங்குறதில்ல, அப்புறம் கையில கட்டுற காப்பு என்ன பண்ணும்.

5. சரி, செல்லுக்குள்ள என்னதான் நடக்கும்? சும்மா சொல்லாம கணக்கு போட்டுக் காட்டுங்க.

போடுவோம். லேப்ல எல்லாரும் யூஸ் பண்ற 35 மில்லிமீட்டர் பெட்ரி டிஷ், அதுக்குள்ள செல்லுங்க. 50 ஹெர்ட்ஸ்ல ஆடுற 100 மைக்ரோடெஸ்லா காந்தப் புலம் கொடுக்கிறோம், பூமியை விட ரெண்டு மடங்கு. 2வது பதில்ல சொன்ன ஃபாரடே விதிப்படி டிஷ்ஷோட ஓரத்துல, அதாவது அதிகபட்சமா வர்ற இடத்துல, மீட்டருக்கு 0.27 மில்லிவோல்ட் எலக்ட்ரிக் ஃபீல்டு கிடைக்கும். 10 மைக்ரோமீட்டர் ஆரம் உள்ள ஒரு செல் அதுல உக்காந்திருந்தா அதோட மெம்பரேன்ல ஏறுற கூடுதல் வோல்டேஜ் 4 நானோவோல்ட்.

இப்ப எதிர்ப்பக்கம் பாருங்க. உடம்புச் சூட்டுல எல்லா மூலக்கூறும் ஆடிக்கிட்டே இருக்கும், அந்த ஆட்டத்துல அதே மெம்பரேனோட வோல்டேஜ் தன்னாலயே 20 மைக்ரோவோல்ட் அளவுக்கு ஏறி இறங்கும். அதாவது நாம கொடுத்த சிக்னலை விட, தன்னால வர்ற இந்த ஆட்டம் (சத்தம்னு சொல்வாங்க) 5000 மடங்கு பெருசு. கொட்டுற மழையில கூடுதலா ஒரு சொட்டு விழுந்ததை எப்படிக் கண்டுபிடிப்பீங்க? ஜேம்ஸ் வீவர், டீன் அஸ்டூமியன் 1990லயும் ராபர்ட் அடேர் 1991லயும் வச்ச வாதம் இந்த வழியிலதான் போகுது, இன்னைக்கு வரைக்கும் இந்த சப்ஜெக்ட்ல யார் எந்த எஃபெக்ட் சொன்னாலும் முதல்ல இந்தக் கணக்குக்குத்தான் பதில் சொல்லணும்.

தப்பிக்க வழி இல்லாம இல்ல. நிறைய செல் சேர்ந்து நீளமா ஒரு வட்டமா இருந்தா வோல்டேஜ் கூடும். ஒரே சிக்னலை ரொம்ப நேரம் சராசரி எடுத்தா சத்தம் அடங்கும். மூணாவது, ஃபீல்டை வாங்கிக்கிறதுக்குன்னே தனியா ஒரு உறுப்போ மூலக்கூறோ இருந்தா கதையே வேற. இயற்கை இந்த மூணையும் பண்ணியிருக்கு, அடுத்த பதில்ல பாருங்க.

6. அப்படின்னா பறவையும் சுறாவும் எப்படிக் கண்டுபிடிக்குது? அதுங்களும் செல்லால ஆனதுதானே?

ஆமா, ஆனா அதுங்ககிட்ட ரிசீவர் இருக்கு. சுறாவோட மூஞ்சியில லோரென்சினி ஆம்புல்லான்னு சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், ஒவ்வொண்ணுல இருந்தும் ஜெல்லி அடைச்ச நீளமான குழாய் உள்ள போகும், அந்த நீளத்துக்கும் சேர்த்து வர்ற வோல்டேஜ் கடைசியில இருக்கிற உணர்வு செல்லுல வந்து விழும். சென்டிமீட்டருக்கு 5 நானோவோல்ட் வரைக்கும் அதுங்க உணருதுன்னு அளந்திருக்காங்க. நீளமான குழாயும், பல குழாய்ல இருந்து வர்றதை சேர்த்துப் பார்க்கிறதும், மேல சொன்ன முதல் ரெண்டு வழிதான்.

பாக்டீரியா கதை இன்னும் நேரடியானது. 1975ல ரிச்சர்ட் பிளேக்மோர் சேத்துத் தண்ணியை மைக்ரோஸ்கோப்ல பார்க்கும்போது சில பாக்டீரியா எப்பவும் ஒரே பக்கமா நீந்துறதைக் கவனிச்சார், காந்தத்தைத் திருப்பினா அதுங்களும் திரும்புச்சு. உள்ள மேக்னடைட்ங்கிற காந்தத் தாதுத் துகளுங்க வரிசையா சங்கிலி மாதிரி கோர்த்திருக்கு, ஒவ்வொண்ணும் 100 நானோமீட்டர் சைஸ்கூட வராது, ஆனா சங்கிலியா சேரும்போது பூமியோட புலத்துல அதுக்குக் கிடைக்கிற ஆற்றல் வெப்ப ஆட்டத்தை விடப் பத்து மடங்கு கிட்ட வந்துடும். செத்த பாக்டீரியாகூட காந்தத் திசையில வரிசையா நிக்கும், அதுல உணர்வுக்கே வேலை இல்ல, அந்தத் துகள் சங்கிலியே உடம்பைத் திருப்பிடுது.

பறவைதான் ரொம்ப சுவாரசியம். ஐரோப்பிய ராபின் காந்தத்தை வச்சு திசை பார்க்குதுன்னு ஃப்ராங்க்ஃபர்ட்ல வொல்ஃப்காங் வில்ட்ஷ்கோ 1960கள்ல காட்டினார். அந்தத் திசைகாட்டி வேலை செய்ய வெளிச்சம் வேணும், நீலம் பச்சை வெளிச்சத்துல ஓடும், சிவப்புல குழம்பிடும். கிளாஸ் ஷுல்டன் 1978ல ராடிகல் பேர்னு (ஒத்தை எலக்ட்ரான் ஜோடி) ஒரு வழி சொன்னார், 2000ல தோர்ஸ்டன் ரிட்ஸும் அவரும் சேர்ந்து அதைக் கண்ணுல இருக்கிற கிரிப்டோகுரோம்ங்கிற புரதத்தோட இணைச்சாங்க. 2021ல ராபினோட கிரிப்டோகுரோம் 4ஐ தனியா எடுத்து லேப்ல வச்சுப் பார்த்தப்போ அது நிஜமாவே காந்தப் புலத்துக்கு ரியாக்ட் பண்ணுச்சு. அது எப்படி வெப்ப ஆட்டத்துகிட்ட தோத்துப் போகாம நிக்குதுன்னு 14வது பதில்ல இருக்கு.

7. மனுஷங்க கண்ணுலயும் அந்தப் புரதம் இருக்காமே, நமக்கும் அந்த சக்தி இருக்கா?

புரதம் இருக்கு, நமக்கு அது முக்கியமா தூக்க முழிப்பு கடிகாரத்துக்கு உதவுது. 2019ல ஜோசப் கிர்ஷ்விங்க் குழு, பூமியளவு புலத்தை ஆளைச் சுத்தித் திருப்பும்போது சிலரோட மூளை அலையில ஆல்ஃபா அளவு குறையுதுன்னு வெளியிட்டாங்க. திருப்பினது ஆளுக்குத் தெரியவே இல்ல, மூளைப் பதிவுல மட்டும்தான் தெரிஞ்சுது. சுவாரசியமான முடிவுதான், ஆனா இதை வச்சு மனுஷன் காந்தத்தை உணர்றான்னு ஊரைக் கூட்டுறதுக்கு முன்னாடி வேற குழுக்கள் திரும்பச் செஞ்சு அதே மாதிரி வரணும். பழ ஈ விஷயத்துல என்ன ஆச்சுன்னு 15வது பதில்ல பாருங்க, புரியும்.

8. எங்க மாமாவுக்கு கால் எலும்பு சேரலைன்னு டாக்டர் ஒரு காயில் மாட்டச் சொன்னாரு, அது உண்மையா ஏமாத்தா?

ஏமாத்து இல்ல. 1957ல ஜப்பான்ல எய்ச்சி ஃபுகாடாவும் இவாவ் யாசுதாவும் எலும்பை அழுத்தினா அதுல மின்சாரம் வருதுன்னு காட்டினாங்க. எலும்பு தன் மேல விழற பாரத்தை ஓரளவு மின்சாரம் வழியாவும் தெரிஞ்சுக்குதோன்னு யோசிச்சு, அப்ப வெளியில இருந்து கொடுத்தா வளருமான்னு ஆண்ட்ரூ பாசெட் கொலம்பியா பல்கலைக்கழகத்துல பண்ணிப் பார்த்தார். மாசக்கணக்கா சேராத எலும்புக்கு இந்தப் பல்ஸ் காயிலை அமெரிக்காவோட எஃப்டிஏ (மருந்து, மருத்துவக் கருவிக்கு அனுமதி கொடுக்கிற அமைப்பு) 1979ல அனுமதிச்சது. தினமும் பல மணி நேரம், மாசக்கணக்குல மாட்டணும்.

அதே சமயம் அளவாத்தான் நம்பணும். மருத்துவ ஆராய்ச்சிகளைத் தொகுத்து மதிப்பிடுற காக்ரேன் அமைப்பு 2011ல கிடைச்ச ட்ரையல் எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்து, பலன் இருக்கலாம்னு தெரியுது ஆனா முடிவா சொல்ற அளவுக்கு ஆதாரம் பத்தலைன்னு எழுதினாங்க. மாமாவுக்கு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துதான் சொல்லியிருக்காருன்னா தாராளமா மாட்டலாம், ஆனா ஆபரேஷன் வேணும்னு அவர் சொல்லும்போது காயில் போதும்னு தள்ளிப் போடாதீங்க.

9. அதே டெக்னாலஜின்னு சொல்லித்தான் பாயும் பெல்ட்டும் விக்கிறாங்க, வாங்கலாமா?

பல்ஸ், காயில்னு பேர் ஒண்ணா இருந்தா டோஸ் ஒண்ணா இருக்கும்னு அர்த்தம் இல்ல. எலும்புக்கு டெஸ்ட் பண்ணின சாதனத்துக்கு இத்தனை மில்லிடெஸ்லா, பல்ஸ் இந்த வடிவம், வினாடிக்கு இத்தனை தடவை, தினமும் இத்தனை மணி நேரம்னு எல்லாம் எழுதி வச்சிருக்கும். விக்கிறவங்ககிட்ட இந்த நாலையும் கேளுங்க. சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, தூக்கம், மன அழுத்தம் எல்லாத்துக்கும் ஒரே பாய்னு பதில் வந்தா எழுந்து வந்துடுங்க.

பேஸ்மேக்கரோ ஷாக் கொடுக்கிற டிஃபிப்ரிலேட்டரோ உடம்புல வச்சிருக்கிறவங்க இதைத் தொடவே கூடாது. பக்கத்துல காந்தம் வந்தா பேஸ்மேக்கர் இதயத்துடிப்பைக் கவனிக்கிறதை நிறுத்திட்டு ஒரே வேகத்துல அடிக்கிற மாதிரி மாறிக்கும், டாக்டர் செக் பண்றதுக்காகவே வச்ச வசதி அது. செல்ஃபோனைக்கூட அந்த இடத்துல இருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கணும்னு எஃப்டிஏ சொல்லுது, சட்டையோட மேல் பாக்கெட்ல போடாதீங்க.

10. மூளைக் கட்டிக்கு தலையில எலக்ட்ரிக் ஃபீல்டு ஒட்டுறாங்களே, அதுவும், மன அழுத்தத்துக்கு காந்தம் வச்சு தட்டுறதும் வீக் ஃபீல்டுதானா?

ரெண்டும் வீக் இல்ல. மூளைக் கட்டிக்கு மொட்டை அடிச்ச தலையில எலக்ட்ரோடு ஒட்டி 200 கிலோஹெர்ட்ஸ்ல கொடுக்கிறது சென்டிமீட்டருக்கு 1ல இருந்து 3 வோல்ட், 5வது பதில்ல பார்த்த பெட்ரி டிஷ்ல வந்ததை விட மூணு லட்சம் மடங்குக்கு மேல. யோராம் பால்டி ஆரம்பிச்சது இது, பிரியுற செல்லுக்குள்ள நடக்கிற வேலையைக் குழப்புதுன்னு விளக்கம் சொல்றாங்க. 695 பேரை வச்சு நடந்த ட்ரையல்ல கீமோ மாத்திரை மட்டும் எடுத்தவங்களுக்கு மீடியன் ஆயுசு (பாதிப் பேர் இதைத் தாண்டினாங்கன்னு அர்த்தம்) 16 மாசம், கூட இதையும் போட்டவங்களுக்கு 20.9 மாசம், 2017ல வெளியாச்சு. அந்த வியாதிக்கு அஞ்சு மாசம்ங்கிறது பெரிய விஷயம். ஆனா போலி மெஷின் மாட்டின குழு அந்த ட்ரையல்ல கிடையாது, அதனால இன்னமும் விவாதம் ஓயலை. ஒரு நாளைக்கு 18 மணி நேரமாவது மாட்டியிருக்கணும்ங்கிறதும் சின்ன கஷ்டம் இல்ல.

மன அழுத்தத்துக்குப் பண்றது 1985ல ஆந்தனி பார்க்கர் ஷெஃபீல்டுல கொண்டு வந்த முறை. 1.5, 2 டெஸ்லா அளவுக்குப் போற புலத்தை ஒரு வினாடியில ஆயிரத்துல ஒரு பங்கு நேரத்துக்கும் கம்மியா ஏத்தி இறக்குவாங்க, அதனால மூளைக்குள்ள வர்ற எலக்ட்ரிக் ஃபீல்டு நரம்பையே ஃபயர் பண்ண வச்சிடும். கட்டை விரலை அசைக்கிற இடத்துக்கு மேல வச்சா விரல் தானா துள்றதைக் கண்ணால பார்க்கலாம்.

11. கரெக்ட்டான ஃப்ரீக்வென்சியில அடிச்சா கிருமி மட்டும் உடைஞ்சு செத்துடும்னு ஒரு வீடியோல பார்த்தேன், பாட்டுப் பாடி கிளாஸ் உடைக்கிற மாதிரியாம், உண்மையா?

கிளாஸ் உடையுறதுக்குக் காரணம் அது காத்துல சுதந்திரமா நின்னு ரொம்ப நேரம் அதிரும், ஒவ்வொரு தள்ளுக்கும் ஆட்டம் கூடிக்கிட்டே போகும். பாக்டீரியா தண்ணிக்குள்ள இருக்கு, அந்த சைஸுக்கு தண்ணி பிசுபிசுன்னு இருக்கும், தள்ளினா உடனே நின்னுடும், ஆட்டம் சேர்றதுக்கு வழியே இல்ல. வீடியோல காட்டுற கைப்பிடி மெஷின்ல கேன்சர் குணமாகும்னு நம்பி நடந்துக்கிட்டிருக்கிற ட்ரீட்மென்ட்டை விட்டவங்களை நினைச்சா மனசு கொதிக்குது.

இதே ஐடியாவுக்கு விஞ்ஞான உடுப்புப் போட்ட ஒண்ணு இருக்கு, அதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். கால்சியம் அயனி 50 மைக்ரோடெஸ்லாவுல வட்டம் போட்டா 38 ஹெர்ட்ஸ் வருது, அதே ஃப்ரீக்வென்சி கொடுத்தா ரெசோனன்ஸ் ஆகும்னு 1980கள்ல ஏப்ரஹாம் லிபாஃப் சொன்னார். 38ங்கிற கணக்கு சரி. ஆனா உடம்புச் சூட்டுல கால்சியம் அயனியோட வேகம் வினாடிக்கு 440 மீட்டர் கிட்ட, அந்த வேகத்துல அது போட வேண்டிய வட்டத்தோட ஆரம் 1.8 மீட்டர்! செல்லோட சைஸ் சில மைக்ரோமீட்டர். அதுவும் ஒரு சுத்து முடிக்கிறதுக்குள்ள அது தண்ணி மூலக்கூறோட கோடிக்கணக்கான தடவை மோதியிருக்கும். அதனால 38 ஹெர்ட்ஸ்ல ஒரு எஃபெக்ட் அளந்தேன்னு ஒருத்தர் சொன்னா, அதுக்குக் காரணமா இந்த வட்டத்தைச் சொல்ல முடியாது, வேற வழிதான் தேடணும்.

12. செல்ஃபோன் கதிர் டிஎன்ஏவை உடைக்கும்னு சொல்றாங்களே?

நேரடியா உடைக்காது. டிஎன்ஏ பிணைப்பை உடைக்க சில எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேணும், ஃபோன் யூஸ் பண்ற மைக்ரோவேவ்ல ஒரு ஃபோட்டானுக்கு (அலையோட ஒரு துகளுக்கு) இருக்கிறது அதுல பத்து லட்சத்துல சில பங்கு ரேஞ்சு. தெரிஞ்ச எஃபெக்ட் சூடுதான், அதுக்குத்தான் எஸ்ஏஆர் (உடம்பு உறிஞ்சுற ரேடியோ ஆற்றலோட அளவு) லிமிட், கிலோவுக்கு 1.6 வாட், ஐரோப்பாவுல 2 வாட்.

2011ல ஐஏஆர்சி (உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு) ரேடியோ அலையை 2பி குரூப்ல போட்டுச்சே ஏன்னு கேப்பீங்க. 2பின்னா கேன்சர் வர வாய்ப்பு இருக்கலாம், ஆதாரம் குறைவுன்னு அர்த்தம், எவ்வளவு ஆபத்துங்கிற அளவை அது சொல்றதில்ல. 2018ல வெளியான அமெரிக்க அரசோட நச்சு ஆராய்ச்சித் திட்டமான என்டிபியோட ஆராய்ச்சியில எலிகளுக்கு முழு உடம்புக்கும் கிலோவுக்கு 6 வாட் வரைக்கும், ஒரு நாளைக்கு 9 மணி நேரம், ரெண்டு வருஷம் கொடுத்தாங்க. ஆண் எலிக்கு மட்டும் இதயத்துல ஒரு வகை கட்டி கூடுச்சு. அதே ஆண் எலிங்க கதிர் கொடுக்காத எலிங்களை விட அதிக நாள் உயிரோடவும் இருந்துச்சு. இந்த ரெண்டாவது பாதியை யாரும் ஃபார்வர்டு பண்றதில்ல, ஆனா ரெண்டையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

13. ஹை டென்ஷன் லைன் பக்கத்துல வீடு, குழந்தை இருக்கு, பயமா இருக்கு. எனக்கு வைஃபை பக்கத்துல உக்காந்தா தலைவலியும் வருது. என்ன பண்றது?

லைன் விஷயத்தை முதல்ல சொல்றேன். சராசரியா 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல 50, 60 ஹெர்ட்ஸ் புலம் இருக்கிற வீடுகள்ல குழந்தைங்களுக்கு லுகேமியா கொஞ்சம் அதிகமா இருக்குன்னு 2000ல பல நாட்டு டேட்டாவை சேர்த்துப் பார்த்து சொன்னாங்க, அதை வச்சுத்தான் 2002ல ஐஏஆர்சி இதையும் 2பி குரூப்ல போட்டுச்சு. அவ்வளவு புலம் உள்ள வீடுங்க ரொம்பக் கம்மி, லுகேமியாவே அரிதான வியாதி, 5வது பதில் கணக்குப்படி 0.4 மைக்ரோடெஸ்லா எதையும் பண்ண வழியும் தெரியலை. ஆனா அந்தத் தொடர்பு டேட்டாவுல இருக்கு, அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். மீட்டர் வச்சு அளந்து பாருங்க, லைன்ல இருந்து தள்ளிப் போகப் போக வேகமாக் குறையும், குழந்தையோட கட்டிலை தூரமா இருக்கிற ரூமுக்கு மாத்துறது சுலபமான வேலை, செஞ்சுடுங்க.

தலைவலி பொய்னு யாராவது சொன்னா அது தப்பு, வலி வலிதான். ஆனா இப்படிக் கஷ்டப்படுறவங்களை வச்சு, ஃபீல்டு ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு சொல்லாம பண்ணின டெஸ்ட்டுங்கள்ல அவங்களால வித்தியாசம் கண்டுபிடிக்க முடியலை, ஆன்னு நம்பினா ஆஃப்ல இருந்தாலும் வலி வந்துச்சு. உலக சுகாதார நிறுவனமும் 2005ல இதைத்தான் சொல்லுது, அறிகுறி நிஜம், காரணம் ஃபீல்டுன்னு காட்ட முடியலை. அதனால கண், தூக்கம், கழுத்து, காத்தோட்டம் எல்லாத்தையும் ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க, வைஃபையை மட்டும் ஆஃப் பண்ணிட்டு நிஜக் காரணத்தை விட்டுடாதீங்க.

14. சார், 5வது பதில்ல வெப்ப ஆட்டம் எல்லாத்தையும் அடிச்சுடும்னீங்க, 6ல ஒரே ஒரு மூலக்கூறு பூமியோட புலத்தை உணருதுன்னீங்க. ரெண்டும் எப்படி சரியா இருக்கும்?

இதைக் கேட்டவங்களுக்கு நன்றி, இந்தப் பக்கத்துலயே நல்ல கேள்வி இதுதான். பூமியோட புலத்துல ஒரு எலக்ட்ரான் ஸ்பின்னுக்கு (எலக்ட்ரானைக் குட்டிக் காந்தம் மாதிரி ஆக்குற குணம்) கிடைக்கிற ஆற்றல் வெப்ப ஆற்றலை விட கிட்டத்தட்ட ஒரு கோடி மடங்கு சின்னது. நேரா மோதினா தோத்துடும், சந்தேகமே இல்ல. ஆனா ராடிகல் பேர்ல வேலைக்கு வேண்டிய ஆற்றலை காந்தம் கொடுக்கிறதில்ல, வெளிச்சம் கொடுக்குது. நீல ஒளி பட்டதும் கிரிப்டோகுரோமுக்குள்ள ஒரு எலக்ட்ரான் இடம் தாவும், ரெண்டு ஒத்தை எலக்ட்ரான் ஜோடியா நிக்கும், அதுங்களோட ஸ்பின் எதிரெதிரா இருக்கிறதுக்கும் ஒரே பக்கமா இருக்கிறதுக்கும் நடுவுல மாறி மாறி ஊசலாடும். எந்த நிலையில இருக்குங்கிறதைப் பொறுத்து அடுத்து வர்ற ரசாயன வேலை மாறும்.

காந்தப் புலம் பண்றது அந்த ஊசலோட தாளத்தை லேசா மாத்துறது மட்டும்தான். மூலக்கூறு எவ்வளவு ஆடினாலும் அந்த ஆட்டம் ஸ்பின்னைப் போய்த் தொட நேரம் ஆகும், அதுக்குள்ள வேலை முடிஞ்சுடும். எவ்வளவு நேரம்? 50 மைக்ரோடெஸ்லாவுல எலக்ட்ரான் ஸ்பின் வினாடிக்கு 14 லட்சம் தடவை சுத்தும், அதாவது 1.4 மெகாஹெர்ட்ஸ், ஒரு சுத்துக்கு 0.7 மைக்ரோ வினாடி. ஜோடி அந்த அளவு நேரம் தாக்குப் பிடிச்சாப் போதும்.

இதுல இருந்து ஒரு விஷயம் தானா வெளிய வருது, மெகாஹெர்ட்ஸ் ரேஞ்சுல ரொம்ப வீக்கான ரேடியோ இரைச்சல் இருந்தாலே அந்தத் தாளம் கெடணும். ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்துல ஹென்ரிக் மௌரிட்சன் குழுவோட ராபின்கள் வருஷக்கணக்கா திசை தெரியாம குழம்புச்சுங்க, குடிலைச் சுத்தி அலுமினியத் தகடு அடிச்சு எர்த் பண்ணினதும் சரியாத் திரும்புச்சு. 50 கிலோஹெர்ட்ஸ்ல இருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள நகரத்து மின் இரைச்சல்தான் காரணம்னு, எப்ப எந்த நிலைன்னு டெஸ்ட் பண்றவங்களுக்கே தெரியாத முறையில டெஸ்ட் பண்ணி 2014ல நேச்சர்ல போட்டாங்க. ஏஎம் ரேடியோ ஓடுற ரேஞ்சு அது, செல்ஃபோன் ரேஞ்சு இல்ல. வீக் ஃபீல்டு உயிரைத் தொடும்ங்கிறதுக்கு என் மனசுல முதல் இடம் இதுக்குத்தான்.

15. ஒரு பேப்பர்ல எஃபெக்ட் இருக்குங்கிறான், இன்னொண்ணுல இல்லைங்கிறான், எதை நம்புறது?

காயிலுக்குப் பக்கத்துல போய்ப் பாருங்க. காயில்ல கரண்ட் ஓடினா சூடாகும், அரை டிகிரி கூடினாலே செல் வளர்ற வேகம் மாறும், அப்ப அளந்தது காந்தமா சூடா? நல்ல லேப்ல காயிலை ரெண்டு கம்பி சேர்த்து சுத்துவாங்க, ரெண்டுலயும் ஒரே திசையில கரண்ட் விட்டா ஃபீல்டு வரும், எதிரெதிரா விட்டா ஃபீல்டு ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும் ஆனா சூடு அதே சூடு. போலி டோஸ்னா அதுதான். இன்குபேட்டரோட ஃபேனும் ஹீட்டருமே உள்ள பல மைக்ரோடெஸ்லா புலத்தைக் கொடுக்கும், மேல் தட்டுல ஒரு அளவு, கீழ் தட்டுல வேற அளவு, அதை அளக்காம எழுதின பேப்பரை நான் ஓரமா வச்சுடுவேன். எது நிஜ டோஸ்னு செல்லை எண்றவங்களுக்குத் தெரியக் கூடாதுங்கிறது அடுத்தது.

இதெல்லாம் பார்த்தும் ஒரு முடிவு நிக்கணும்னா வேற ஆள் திரும்பச் செய்யணும். அராபிடாப்சிஸ் செடியோட நாத்து நீல வெளிச்சத்துல வளரும்போது காந்தப் புலத்துக்கு ரியாக்ட் பண்ணுதுன்னு 2007ல ஒரு குழு சொன்னாங்க, 2009ல இன்னொரு குழு ரொம்ப கவனமா அதையே செஞ்சு பார்த்தப்போ ஒண்ணும் வரலை. பழ ஈ காந்தத்தை உணருதுன்னு பல வருஷமா பேப்பர் வந்துச்சு, 2023ல மௌரிட்சனும் பீட்டர் ஹோரும் இருந்த குழு பெரிய எண்ணிக்கையில ஈயை வச்சு திரும்பச் செஞ்சு எஃபெக்ட் இல்லைன்னு நேச்சர்ல போட்டாங்க. கவனிங்க, ராபின் கிரிப்டோகுரோமை முன்னுக்குக் கொண்டு வந்தவங்களேதான் இவங்களும், தங்களுக்குப் பிடிச்ச ஐடியாவுக்கு எதிரா வந்த ரிசல்ட்டையும் அப்படியே போட்டிருக்காங்க. அந்த மாதிரி ஆளுங்களோட பேப்பரைத்தான் முதல்ல எடுத்துப் படிப்பேன்.

16. அண்ணா, காலேஜ் ப்ராஜெக்டுக்கு விதை முளைக்கிறதுல இதை டெஸ்ட் பண்ணலாம்னு இருக்கேன், எப்படி ஆரம்பிக்கிறது?

தாராளமா பண்ணுங்க, செலவும் கம்மி. ஹெல்ம்ஹோல்ட்ஸ் காயில் சுத்துங்க, 10 சென்டிமீட்டர் ஆரத்துல ரெண்டு வளையம், ரெண்டுக்கும் நடுவுல இடைவெளியும் அதே 10 சென்டிமீட்டர், ஒவ்வொண்ணுலயும் 50 சுத்து. 0.1 ஆம்பியர் டிசி விட்டா நடுவுல 45 மைக்ரோடெஸ்லா கிடைக்கும், கிட்டத்தட்ட பூமியோட இன்னொரு பங்கு. திசையை சரியா வச்சா பூமியோட புலத்தைக் கூட்டவும் முடியும், பெரும்பகுதியை அடிச்சு ஜீரோ கிட்டக் கொண்டு வரவும் முடியும். 15ல சொன்ன மாதிரி ரெட்டைக் கம்பியா சுத்தி இன்னொரு செட் போலிக் காயில் கண்டிப்பா வேணும், ரெண்டு தட்டுலயும் தெர்மாமீட்டர் வைங்க. ஃபோன்ல இருக்கிற காந்த சென்சாரே இந்த அளவை ஓரளவு காட்டும், காயில் நடுவுல வச்சுப் பார்த்துக்கோங்க.

தட்டுக்கு பத்து விதை போதாது, முளைப்பு தன்னாலயே ஏறி இறங்கும், நூத்துக்கணக்குல போட்டு நாலஞ்சு தடவை திரும்பச் செய்யுங்க, ஒவ்வொரு தடவையும் நிஜ காயிலும் போலிக் காயிலும் இடம் மாறணும், ஏன்னா ஜன்னல் பக்கம் இருக்கிற தட்டு எப்பவும் வேற மாதிரிதான் வளரும். தட்டுல அ, ஆன்னு மட்டும் எழுதி எது எதுன்னு ஃப்ரெண்டுகிட்ட ஒரு கவர்ல போட்டுக் கொடுத்துடுங்க. எதை அளக்கப் போறீங்க, எத்தனாவது நாள் அளக்கப் போறீங்கன்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நோட்ல எழுதுங்க, எண்ணி முடிச்சு டேபிள் போட்டதுக்கு அப்புறம்தான் கவரைப் பிரிக்கணும். வித்தியாசம் வரலைன்னாலும் வராததை அப்படியே ரிப்போர்ட்ல எழுதுங்க, அதுக்கும் மார்க் உண்டான்னு கைடுகிட்ட முன்னாடியே பேசி வச்சுக்கோங்க.